ஏசி நாபை நடுவுல வச்சா பெட்ரோல் மிச்சமாகுமா? அப்பாவோட தினமும் தகராறு

திருநகர்வாசி | மே 9, இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். கத்திரி வெயில் ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்க வண்டிக்குள்ள ஒரு பஞ்சாயத்து. தீர்ப்பு உங்ககிட்டதான்.

அஞ்சு வருஷப் பழசு பெட்ரோல் வண்டி. சாதா ஏசி, ஆட்டோமேடிக் கிடையாது. மூணு நாப்: ஒண்ணு புளோயர், ஒண்ணு காத்து எந்தப் பக்கம் வரணும்ங்கிறது, ஒண்ணு நீலம் - சிவப்பு. தினமும் திருநகர்ல இருந்து ஒத்தக்கடை வரைக்கும் போறேன். அப்பாவைக் கோரிப்பாளையத்துல இறக்கி விடணும்.

நான் நீலத்துல கடைசி வரைக்கும் திருகி வைப்பேன். அப்பா ஏறி உக்காந்ததும் கை நேரா அங்கதான் போகும், நடுவுக்குக் கொண்டுவந்துடுவார். "முழுசா வச்சா கம்ப்ரசர் ஓயாம ஓடும்டா, பெட்ரோலைக் குடிச்சுரும். நடுவுல வை, அப்பப்ப நின்னு நின்னு ஓடும்." இதான் அவர் வாதம். நடுவுல வச்சா காத்து சப்புன்னு வருது, உடனே நான் புளோயரை நாலுல வைக்கிறேன், சத்தத்துல அவர் பேசுறது எனக்குக் கேக்காது. அதுல வேற ஒரு சண்டை.

உண்மையிலேயே நடுவுல வச்சா மிச்சமாகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழமாசிவீதி | மே 9, இரவு 10:12

அப்பா சொல்றதுதான் சரி தம்பி. வீட்டு ஏசியை 18ல வச்சா கரண்ட் பில் எகிறுது, 24, 25ல வச்சா குறையுது. வண்டியிலயும் அதே ஏசிதானே. பெரியவங்க அனுபவத்துல சொல்றாங்க.

ரிங்ரோட்டான் | மே 9, இரவு 10:31

ஏசியே வேணாம்னு ஜன்னலை இறக்கிட்டுப் போங்க. பெட்ரோலும் மிச்சம், அப்பா பேசுறதும் கேக்கும் 😀

வாடகை வண்டி | மே 10, காலை 6:05

ரிங்ரோட்டான் சும்மா சொன்னாலும் அதுல பாதி உண்மை இருக்கு. ஊருக்குள்ள முப்பது, நாப்பதுல ஊர்றப்ப ஜன்னலை இறக்கினா வண்டிக்கு ஒரு பாரமும் இல்ல. ஆனா மேலூர் தாண்டி நாலுவழிச் சாலையில நூறுல போறப்ப இறக்கிப் பாருங்க, வண்டியைப் பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கும். வேகம் ரெண்டு மடங்கானா காத்துத் தடை நாலு மடங்கு. அங்க ஜன்னலை ஏத்திட்டு ஏசி போடுறதுதான் புத்திசாலித்தனம். மே மாசம் மதியம் கோரிப்பாளையம் சிக்னல்ல ஜன்னலை இறக்குனா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. பஸ் புகையும் அனல் காத்தும் சேந்து மூஞ்சியில அடிக்கும்.

நாப் விஷயம் எனக்குத் தெரியாது. ஏறுற பயணிக எல்லாரும் "அண்ணே கூலிங் கூட்டுங்க"ன்னு மட்டும்தான் சொல்வாங்க, குறைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்ல.

பழங்காநத்தம் பட்டறை | மே 10, காலை 7:40

நான் கார் ஏசி வேலைதான் பாக்குறேன். பொறுமையாப் படிங்க, கொஞ்சம் நீளமாப் போகும்.

வீட்டு ஏசியில 25னு வச்சா, ரூம் அந்தச் சூட்டுக்கு வந்ததும் கம்ப்ரசர் நிக்கும், இல்ல மெதுவா ஓடும். ரிமோட்ல நீங்க வைக்கிற நம்பரைத்தான் அது பாக்கும். உங்க வண்டி மாதிரி சாதா ஏசியில அப்படி ஒண்ணு கிடையாது. வண்டிக்குள்ள எவ்வளவு சூடுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. அதுக்குத் தெரியிறது ஒண்ணே ஒண்ணு: டேஷ்போர்டுக்குள்ள இருக்குற கூலிங் காயில் எவ்வளவு சில்லுன்னு இருக்குங்கிறது. காயில் ஐஸ் கட்டப் போற நிலைமைக்கு வந்தா சென்சார் கம்ப்ரசரை நிறுத்தும். கொஞ்சம் சூடேறினா, கம்ப்ரசரை இன்ஜினோட சேக்குற கிளட்ச் மறுபடி பிடிக்கும். நீங்க நாபை நீலத்துல வைங்க, நடுவுல வைங்க, இந்தக் கணக்கு மாறாது.

அப்ப நீலம் - சிவப்பு நாப் என்ன பண்ணுது? உள்ள ஒரு மடிப்புக் கதவு இருக்கு. நீலத்துல இருந்தா குளிர்ந்த காத்து அப்படியே வெளிய வரும். நடுவுக்குக் கொண்டுவந்தா அந்தக் கதவு பாதி திறந்து, குளுந்த காத்துல பாதியை ஹீட்டர் காயில் வழியாச் சுத்திவிடும். ஹீட்டர் காயில்ல ஓடுறது இன்ஜின்ல இருந்து வர்ற சுடுதண்ணி, அதாவது கூலன்ட். ஆக மொத்தம் பெட்ரோல் போட்டுக் காத்தைக் குளுர வச்சு, அதுல சுடுதண்ணிச் சூட்டைக் கலந்து வெதுவெதுன்னு வாங்குறீங்க. ஐஸ் மோர்ல வெந்நீரை ஊத்திக் குடிக்கிற கதை.

மிச்சம் ஆகாதுங்கிறது ஒரு பக்கம். வண்டிக் காத்தையே சுத்தவிடுற உள் காத்துப் பட்டனும் போட்டிருந்தீங்கன்னா, சூடு கலந்த அந்தக் காத்துதான் திரும்பவும் காயிலுக்கு வரும். கம்ப்ரசருக்கு வேலை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

குளுர் அதிகமா இருந்தா நாபைத் தொடாதீங்க, புளோயரைக் குறைங்க. காயில் மேல போற காத்து குறைஞ்சா அது வெரசா சில்லாகும், கம்ப்ரசர் வெரசா கட்டாஃப் ஆகும். அதுவும் அதிகமா இருந்தா ஏசி பட்டனையே அமத்தி அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டுப் போங்க.

ஒரு கேள்வி தம்பி. உங்கப்பா இதுக்கு முன்னாடி என்ன வண்டி வச்சிருந்தார்?

கீழமாசிவீதி | மே 10, காலை 8:15

அண்ணே, நீங்க சொல்றதை எப்படி நம்புறது? நான் நடுவுல வச்சு ஓட்டுறப்ப வண்டி பாரமில்லாம சுலபமா இழுக்குதே.

பழங்காநத்தம் பட்டறை | மே 10, காலை 8:50

நம்பாதீங்க, நீங்களே பாத்துக்கங்க. காலையில நிழல்ல நிறுத்துங்க. மதியம் பாத்தா கட்டாஃபே ஆகாது, விடாம ஓடும். இன்ஜின் நல்லா சூடாகி இருக்கணும், ஏன்னா ஆறிப்போன இன்ஜின்ல ஹீட்டர் காயிலும் ஆறித்தான் கிடக்கும். ஜன்னலை ஏத்திட்டு, உள் காத்துப் பட்டனைப் போட்டு, புளோயரை ஒண்ணுல வைங்க. பானெட்ல இருந்து "டிக்"னு ஒரு சத்தம் வரும், ஐட்லிங் லேசா இறங்கும். அது கிளட்ச் பிடிக்கிறது. அடுத்த "டிக்" விடுறது. எத்தனை செகண்ட் பிடிச்சிருக்குன்னு எண்ணுங்க. நீலத்துல அஞ்சு தடவை, நடுவுல அஞ்சு தடவை. அப்புறம் புளோயரை நாலுல வச்சு எண்ணிப் பாருங்க. திறந்த வெளியில நிறுத்திப் பாருங்க, பூட்டுன கொட்டகைக்குள்ள வேணாம்.

ஆட்டோமேடிக் ஏசி வண்டிக்கு இதெல்லாம் பொருந்தாது, அது தனிக் கதை.

திருநகர்வாசி | மே 10, காலை 9:20

அண்ணே, அப்பா முன்னாடி அம்பாசடர் வச்சிருந்தார். நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்ப. ஏன் கேக்குறீங்க? சோதனையை ஞாயித்துக்கிழமை பண்ணிட்டுச் சொல்றேன்.

உசிலம்பட்டி ரோடு | மே 10, காலை 11:02

நல்ல இழை. ஆட்டோமேடிக் வச்சிருக்கேன். வெயில்ல கிடந்த வண்டியில ஏறுனதும் "லோ"ன்னு வச்சாதான் வேகமாக் குளுருங்கிறான் என் மச்சான். நான் நேரா 24ல வைக்கிறேன். எது சரி?

குளிர்சாதனப் பொறியாளர் | மே 10, பகல் 12:30

24ல வைத்தாலும் உள்ளே கொதிக்கும்போது அது முழு வேகத்தில்தான் ஓடும். தேவையான அளவுக்கு வந்ததும் தானே குறைத்துக்கொள்ளும். "லோ"வில் வைத்தால் குறைத்துக்கொள்ளவே கொள்ளாது. பத்து நிமிடம் கழித்து நீங்கள் நடுங்கிக்கொண்டு நாபைத் தேடுவீர்கள். 24, 25ல் வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் அந்த அமைப்புக்குச் செய்யும் மரியாதை.

பல புதிய வண்டிகளில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடுவதில்லை. தேவைக்கேற்பத் தன் கொள்ளளவையே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அவற்றில் நீங்கள் வைக்கும் எண் உண்மையிலேயே எரிபொருளைப் பாதிக்கலாம். பட்டறைக்காரர் சொன்னது சாதா ஏசிக்கு முழுக்கச் சரி.

வெயிலில் கிடந்த வண்டி பற்றி ஒன்று. கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயிலை டேஷ்போர்டும் சீட்டும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே 60ஐத் தாண்டும், கறுப்பு டேஷ்போர்டு இன்னும் மேலே போகும். அந்த 60 டிகிரிக் காற்றை ஏசி கொண்டு குளிர்விப்பதுதான் இருப்பதிலேயே பெரிய வீண்செலவு. வெளியே 40 டிகிரியில் காற்று இலவசமாகக் கிடைக்கிறதே!

வாடகை வண்டி | மே 10, மதியம் 2:45

ஐயா சொன்னதுக்கு என் தொழில் வழக்கம் இது. கோயிலுக்கு வந்தவங்களை இறக்கிட்டு ரெண்டு மணி நேரம் வெயில்ல நிறுத்தியிருப்பேன், நிழல் கிடைக்கிற ஊரா இது? திரும்ப எடுக்குறப்ப எதிர்ப்பக்கம் பின் ஜன்னலை மட்டும் இறக்கிட்டு, டிரைவர் கதவைத் திறந்து திறந்து நாலஞ்சு தடவை விசிறுவேன். உள்ள இருக்குற அனல் புஸ்ஸுன்னு வெளிய போகும். பாக்குறவங்க என்னடா பண்றான்னு நினைப்பாங்க. அப்புறம் எல்லா ஜன்னலையும் இறக்கி, வெளிக்காத்துல வச்சு, புளோயரை முழுசாப் போட்டு ரெண்டு தெரு ஓட்டுவேன். அதுக்குப் பிறகுதான் ஜன்னலை ஏத்தி, ஏசி போட்டு, உள் காத்துப் பட்டனைப் போடுறது. குளுந்ததும் புளோயரை ரெண்டுக்கு இறக்கிருவேன்.

முன் கண்ணாடிக்கு மடக்குற வெள்ளித் தட்டி ஒண்ணு வாங்கிப் போடுங்க. ஸ்டியரிங்கைத் தொட முடியாம துணி சுத்திப் பிடிக்கிறது மிச்சமாகும்.

ஆனையூர் டீச்சர் | மே 10, மாலை 5:30

நீங்கள் எல்லாரும் குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குச் சிவப்புப் பக்கம்தான் பயமுறுத்தியது.

போன டிசம்பரில் கொடைக்கானலில் இருந்து இறங்கினோம். வண்டியில் ஐந்து பேர், எல்லாரும் ஸ்வெட்டர், இரண்டு குழந்தைகள் தூக்கம். மாலை ஐந்து மணிக்கே மேகம் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது, கூடவே தூறல். ஒரு வளைவில் முன் கண்ணாடி உள்ளுக்குள் அப்படியே வெள்ளையாக மூடிக்கொண்டது. குளிருக்குப் பயந்து ஏசியை அணைத்து, உள் காற்றுப் பட்டனைப் போட்டு வைத்திருந்தேன். கையால் துடைத்தேன், இன்னும் மோசமானது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கால் நடுங்க உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த வேன் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, "அக்கா, ஏசியப் போடுங்க, சிவப்புல திருப்புங்க, காத்தை வெளிய இருந்து எடுங்க" என்றார். ஒரு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது. குளிரில் ஏசியா, அதுவும் சிவப்பிலா என்று இன்றுவரை புரியவில்லை.

பழங்காநத்தம் பட்டறை | மே 10, இரவு 8:10

அந்த வேன்காரருக்கு ஒரு கும்பிடு போடுங்க அக்கா, விஷயம் தெரிஞ்ச மனுஷன்.

அஞ்சு பேர் மூச்சு, ஈரத்துணி, எல்லா ஈரமும் வண்டிக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்திருக்கு. கண்ணாடி வெளிக்குளுர்ல சில்லுன்னு இருக்கும், ஈரம் அதுல போய் படியும். ஏசியோட இன்னொரு வேலை காத்துல இருக்குற ஈரத்தைப் பிழியிறது. வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதுன்னு சில பேர் பயந்து வருவாங்கல்ல, அது அந்தப் பிழிஞ்ச தண்ணிதான். பிழிஞ்ச காத்தை ஹீட்டர்ல சூடாக்கினா அது பஞ்சு மாதிரி கண்ணாடியில இருக்குற ஈரத்தை உறிஞ்சிரும். காலையில நான் திருநகர் தம்பிகிட்ட ஐஸ் மோர்ல வெந்நீர்னு கேலி பண்ணின அதே வேலைதான், மலையில உயிரைக் காப்பாத்தும். காத்து கண்ணாடிப் பக்கம் அடிக்கணும், வெளிக்காத்து, ஏசி, சிவப்பு. நாலும் சேரணும்.

சில நேரம் கண்ணாடி வெளிப்பக்கமும் மூடும். மழை பெஞ்ச ராத்திரி நம்ம ஊர்ல வெளிய புழுக்கமா இருக்கும், உள்ள ஏசி கண்ணாடியில நேரா அடிக்கும், சொம்புல ஐஸ் தண்ணி வச்சா வெளிய வேர்க்குற மாதிரி வேர்க்கும். வைப்பர் போட்டா போகும். அப்ப காத்தை மூஞ்சிப் பக்கம் திருப்பிட்டு, குளுரைக் குறைங்க. உள்ளயா வெளியயான்னு சந்தேகம் வந்தா விரலால கண்ணாடியில ஒரு கோடு இழுத்துப் பாருங்க.

வாடகை வண்டி | மே 10, இரவு 9:00

மலை ஏறுறப்பவும் ஹீட்டர் ஒரு தடவை எனக்குக் கைகொடுத்திருக்கு. வத்தலக்குண்டு தாண்டி ஏத்தத்துல, வண்டி நெறைய ஆளு, முன்னாடி லாரி ஊர்ந்து போகுது, டெம்பரேச்சர் முள்ளு சரசரன்னு ஏறுச்சு. ஏசியை அணைச்சு, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுச் சிவப்புல வச்சு புளோயரை நாலுல போட்டேன். உள்ள இருந்தவங்க திட்டுனாங்க. ஆனா முள்ளு இறங்குச்சு. ஹீட்டர் காயிலும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே, இன்ஜின் சூட்டை வாங்கி வண்டிக்குள்ள கொட்டும். ஒதுங்க இடம் கிடைச்சதும் நிறுத்தி ஆறவிட்டேன். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட தொறக்காதீங்க, வெந்துபோவீங்க.

ரிங்ரோட்டான் | மே 11, காலை 7:15

அப்ப கொடைக்கானல்ல ஹீட்டர் போட்டா பெட்ரோல் போகாதா?

குளிர்சாதனப் பொறியாளர் | மே 11, காலை 8:00

பெட்ரோல், டீசல் வண்டியில் ஹீட்டர் மட்டும் என்றால் கிட்டத்தட்ட இலவசம். எப்படியும் ரேடியேட்டர் வழியாக வெளியே போகப்போகிற சூடுதான் அது. புளோயர் மோட்டார் மட்டும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். காலையில் வண்டியை எடுத்தவுடன் ஹீட்டரை முழுசாக வைத்தால் சில்லென்ற காற்றுதான் வரும், முள் கொஞ்சம் ஏறும்வரை பொறுங்கள்.

எலக்ட்ரிக் வண்டியில் கதை தலைகீழ். அங்கே கொதிக்கும் இன்ஜின் கிடையாது, சூட்டையும் பேட்டரியில் இருந்துதான் எடுக்க வேண்டும். சார்ஜில் மாட்டியிருக்கும்போதே வண்டியைக் குளிர்வித்துவிட்டுக் கிளம்பினால் அந்தக் கரண்ட் வீட்டு மீட்டரில் போகும், உங்கள் கிலோமீட்டரைத் தின்னாது.

கீழமாசிவீதி | மே 11, காலை 9:40

உள் காத்துப் பட்டனை எப்பவும் போட்டே வைக்கலாமா? நான் வாங்கினதுல இருந்து அது அப்படியேதான் கிடக்கு.

வாடகை வண்டி | மே 11, காலை 10:10

ஊருக்குள்ள சரி. சென்னை வரைக்கும் நாநூத்தம்பது கிலோமீட்டர் அப்படியே போகாதீங்க. ஆறேழு பேர் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்தா கண்ணு சொக்கும். துவரங்குறிச்சி தாண்டுறப்ப எனக்குக் கொட்டாவி வர ஆரம்பிச்சா முதல்ல அந்தப் பட்டனைத்தான் பாப்பேன். அரை மணிக்கு ஒரு தடவை ரெண்டு மூணு நிமிஷம் வெளிக்காத்து விடுங்க.

இன்னொண்ணு. வண்டியை நிறுத்திட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுத் தூங்குற பழக்கம் எங்க ஆளுக பல பேருக்கு உண்டு. ஆஸ்பத்திரி வாசல், மண்டப வாசல்ல நிறையப் பாக்கலாம். சைலன்சர்ல ஓட்டை இருந்தாலோ, சுவரோரம் நிறுத்தியிருந்தாலோ புகை உள்ள வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்துல தெரியவே தெரியாது. மரத்தடியில ஜன்னலை இறக்கிட்டு வேர்த்துக்கிட்டே தூங்குங்க, பரவாயில்ல.

உசிலம்பட்டி ரோடு | மே 11, காலை 11:25

என் பழைய வண்டிக் கதை. மூணு வருஷம், வருஷா வருஷம் ஏப்ரல்ல ஒரு கடையில "ஏசி கேஸ் இறங்கிருச்சு சார், போடணும்"னு சொல்லிப் போட்டு அனுப்புவாங்க. நானும் பெட்ரோல் மாதிரி அது தீர்ந்துபோகும்னு நெனச்சுக்கிட்டு காசு குடுத்தேன். நாலாவது வருஷம் வேற ஒருத்தர்கிட்ட போனேன். பத்தே நிமிஷத்துல, ஏசி சூட்டை வெளிய தள்ளுற கண்டென்சர் ஓரத்துல எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டுனார், அங்கதான் கசிவு.

பழங்காநத்தம் பட்டறை | மே 11, பகல் 1:00

கேஸ் தீர்ந்துபோற பொருள் இல்ல, மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். பல வருஷத்துல ஓஸ் வழியாக் கொஞ்சம் கசியும், அது இயல்பு. வருஷா வருஷம் இறங்குதுன்னா ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் போடுறது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிறது. கேஸோட சேந்து எண்ணெயும் போகும், கடைசியில கம்ப்ரசர் மாட்டும். "எங்க கசியுதுன்னு காட்டுங்க"ன்னு கேளுங்க, அப்புறம் காசு குடுங்க.

கூலிங் குறைஞ்சா கேஸுக்கு முன்னாடி கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்குற கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்க. நம்ம ஊர்த் தூசிக்கு அது மெத்தை மாதிரி அடைச்சுக் கிடக்கும். புளோயர் நாலுல கத்தும், காத்து ஒண்ணுல வர்ற மாதிரி வரும். என்கிட்ட "கேஸ் போடணும்"னு வர்ற வண்டியில சிலது அந்த ஃபில்டரை மாத்தினதோட திரும்பிப் போகும். எனக்கு வருமானம் குறைவு, என்ன செய்ய.

ஆனையூர் டீச்சர் | மே 11, மாலை 6:20

ஏசி போட்டதும் முதலில் புளித்த வாடை வருகிறதே, அதற்கு?

பழங்காநத்தம் பட்டறை | மே 11, இரவு 7:45

கூலிங் காயில் ஈரமாவே கிடந்து பூசணம் பிடிக்குது அக்கா. வீடு வர அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி ஏசி பட்டனை மட்டும் அமத்திட்டு, வெளிக்காத்துல புளோயரை ஓடவிடுங்க, காயில் காயும். மழை நாள்லயும் வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஏசி போடுங்க. உள்ள எண்ணெய் சுத்தினாதான் சீல் காயாது.

திருநகர்வாசி | மே 14, இரவு 8:35

சோதனை முடிஞ்சது. அப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் பண்ணினேன், இல்லாட்டி நம்ப மாட்டார். கடிகாரத்தைப் பாத்து செகண்ட் எண்ணினது அவர்தான். நீலத்துல அஞ்சு தடவை, நடுவுல அஞ்சு தடவை. நடுவுல வச்சப்ப கிளட்ச் பிடிச்சிருந்த நேரம் குறையல, ஒண்ணு ரெண்டு செகண்ட் கூடத்தான் இருந்துச்சு. புளோயரை நாலுல வச்சதும் விடவே மாட்டேங்குது, எண்ணி எண்ணி அவருக்கே சலிச்சுப்போச்சு.

பட்டறை அண்ணே, அம்பாசடர் கேள்வியை அவர்கிட்டயே கேட்டேன். அதுல கம்பெனி ஏசி கிடையாதாம், வெளிய குடுத்து டேஷ்போர்டுக்கு அடியில ஒரு பெட்டி தொங்கவிட்டு மாட்டினதாம். ரெண்டே நாப். ஹீட்டரே இல்லயாம்.

பழங்காநத்தம் பட்டறை | மே 14, இரவு 9:10

அதேதான் நானும் நெனச்சேன். அந்தப் பெட்டி ஏசியில ரெண்டாவது நாப் தெர்மோஸ்டாட். ஹீட்டர் இல்லாதப்ப எதைக் கலக்குறது? காயில் எவ்வளவு சில்லானா கம்ப்ரசர் நிக்கணும்ங்கிறதையே அந்த நாப்தான் மாத்தும். நடுவுல வச்சா சீக்கிரம் கட்டாஃப் ஆகும், பெட்ரோல் மிச்சமாகும். உங்கப்பா சொன்னது அந்த வண்டிக்கு அட்சரம் பிசகாம சரி. கீழமாசிவீதிக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

திருநகர்வாசி | மே 14, இரவு 9:40

இதை அப்படியே படிச்சுக் காட்டுனேன். "பாத்தியா, நான் தப்பாச் சொல்லல"ன்னு ஒரு சிரிப்பு.

இன்னைக்குக் காலையில ஏறுனதும் அவரே நாபை முழு நீலத்துக்குத் திருப்புனார், புளோயரை ஒண்ணுக்கு இறக்குனார். பழங்காநத்தம் தாண்டுறதுக்குள்ள பையில இருந்து துண்டை எடுத்துக் கழுத்துல சுத்திக்கிட்டார். "ஏசியை அமத்தவாப்பா"ன்னு கேட்டேன். "வேணாம், டிக் சத்தம் வருதான்னு பாக்குறேன், பேசாம ஓட்டு"ன்னார்.